முதல் கை

அந்த அரங்கத்துக்கு நானும் தங்கையும் போய்ச் சேர்ந்தபோது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. கையில் ஆளுக்கு ஒரு பெட்டி. வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று நின்றது: 'பயணிகளே வருக! மரபு நடனம், நேரடி இசை, நாடகம். அத்தனையும் ஒரே கூரையின் கீழ்.' அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், குளிர்சாதன வசதி உண்டு என்று எழுதியிருந்தார்கள்.

தங்கை அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "பரவால்லண்ணா, எதுக்காக வருவாங்கன்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சந்தேக புத்தி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கடைக்காரர் சிரித்துப் பேசினால் நான் தராசைப் பார்ப்பேன். அதனால்தான், மேனேஜர் வாசல்வரை இறங்கி வந்து எங்கள் பெட்டிகளைத் தன் கையால் வாங்கிக்கொண்டபோது எனக்கு என்னவோ செய்தது. வேலைக்கு வந்தவனின் பெட்டியை எந்த மேனேஜர் தூக்குவார்?

"வாங்க, வாங்க. சாப்பிட்டாச்சா? முதல்ல சாப்பிடுங்க," என்று தங்கையைப் பார்த்தே சொன்னார். என்னை, கூட வந்த சாமான்களோடு சேர்த்துவிட்டார்.

தங்கை ஆடுவது சுழலாட்டம். பல அடுக்குப் பாவாடை கட்டிக்கொண்டு, ஒரு குதிகாலை ஊன்றி, நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். பார்ப்பதற்கு எளிது, ஆடிப் பார்த்தால்தான் தெரியும். நான் மேடைக்கு விளக்குப் போடுகிறவன். நாங்கள் இருந்த குழு கலைந்துபோய், அவள் சும்மா இருக்க மாட்டாமல் மொட்டை மாடியில் துணி காயும் கம்பிகளுக்கு நடுவே சுழன்றுகொண்டிருந்த சமயத்தில்தான் இந்த அழைப்பு வந்தது. ஆட்டக்காரியும் வேண்டும், விளக்குக்காரனும் வேண்டும் என்றார்கள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவா வேலையை விட்டாங்க?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு. லைட்காரருக்கு இந்த ஊர் ஒத்துக்கலை," என்றார் மேனேஜர். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

அரங்கம் ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்ததாம். சன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் பட்டப்பகல் வெளியே நின்றுவிடும். எத்தனை வாசனைத் தைலம் தெளித்தாலும் சாக்கு வாடையும் எலி வாடையும் அடியில் இருந்துகொண்டே இருந்தன. சினிமாக் கொட்டகைகளில் இருப்பது போன்ற மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆள் எழுந்தால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும். என் இடம் பின்சுவரில், உயரத்தில், கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூண்டு. அங்கிருந்து எனக்கு மேடையும், கூட்டத்தின் பின்னந்தலைகளும் தெரியும்.

பஸ்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். பயணிகள் பாதித் தூக்கத்தில் இறங்குவார்கள். முதலில், திருடன் ஒருவன் ராஜாவை ஏமாற்றும் நாடகம். பழைய நாளில் விடிய விடிய நடந்ததாம். இப்போது பஸ் டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் ராஜா ஏமாந்தாக வேண்டும். பிறகு குழலும் தந்தி வாத்தியமும் கொஞ்ச நேரம். கடைசியில் சுழலாட்டம்.

சுழலாட்டத்துக்கு ஒரு பழைய முறை உண்டு. அதை ஆடுகிறவள் நிறுத்தக் கூடாது. மேளக்காரரும் நிறுத்தக் கூடாது. பார்க்கிறவர்களில் ஒருவர் கை தட்டினால்தான் ஆட்டம் முடியும். மனசு நிறைந்துவிட்டது, போதும் என்று அதற்கு அர்த்தம். ஆட்டம் அறிந்தவர்கள் பார்த்த காலத்தில் இதில் சிக்கல் இல்லை. பயணிகளுக்கு என்ன தெரியும்? நடுவில் மேளம் தணிந்தால் தட்டுவார்கள், அல்லது இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு தட்டாமலே இருப்பார்கள். அதனால் இந்த மாதிரி இடங்களில் சொந்த ஆள் ஒருவரைப் பயணி வேடத்தில் கூட்டத்துக்குள் உட்கார வைப்பார்கள். சரியான இடத்தில் அவர் தட்டுவார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். தொழிலில் அவருக்கு முதல் கை என்று பெயர்.

"இங்க முதல் கை யாரு சார்?" என்று கேட்டாள் தங்கை.

"இருக்கார். மூணாவது வரிசை, ஓரம்."

"ஒரு தடவை அவரோட பேசிட்டா நல்லாருக்கும். எந்த இடத்துல வேகத்தை ஏத்துவேன்னு சொல்லணும்."

"அதெல்லாம் அவருக்குத் தெரியும்மா. அவருக்குத் தெரியாத ஆட்டமா?"

சொல்லும்போது மேனேஜர் மேடையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை.

முதல் காட்சியிலேயே அந்தக் கையைக் கேட்டேன். மேளம் ஏறி, பாவாடை அடுக்கடுக்காக விரிந்து, தங்கையின் முகம் தெரியாத வேகம் வந்தபோது, விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. ஈரமே இல்லாத வறண்ட கை. ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. உடனே அரங்கம் முழுவதும் தட்டியது. மேளம் முடிந்தது, அவள் நின்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

மூன்றாவது வரிசை ஓரத்தை எட்டிப் பார்த்தேன். மேடை வெளிச்சத்தில் தலைகளின் விளிம்பு தெரிந்தது. ஓரத்தில் தலை எதுவும் தெரியவில்லை. ஆள் குள்ளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அறைக்குத் திரும்பியதும் தங்கை கால்களைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அவர் பார்க்கிறது எனக்குத் தெரியுதுண்ணா. முதுகு அந்தப் பக்கம் திரும்பும்போதுகூட தெரியுது."

எந்த அண்ணனுக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வராது? யாரோ ஒருத்தன் தினமும் இருட்டில் உட்கார்ந்து என் தங்கையை முழுங்குகிற மாதிரி பார்க்கிறான், அதற்கு மேனேஜரும் உடந்தை என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் காட்சி முடிந்து விளக்குகளைப் போட்டதும் படியிறங்கி ஓடினேன். இருப்பது ஒரே கதவு. அதை அடைத்துக்கொண்டு நின்று, வெளியே போகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். தொப்பிகள், விசிறிகள், கொட்டாவிகள். பஸ் கிளம்பியது. அவன் வரவில்லை.

உள்ளே போனேன். எல்லா நாற்காலிகளும் மடங்கியிருந்தன. மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தது மட்டும் விரிந்திருந்தது. ஸ்பிரிங் போயிருக்கும் என்று கிட்டே போய்க் கையை நீட்டினேன்.

நான் தொடவில்லை. அது மெதுவாக, யாரோ எழுந்துகொண்டது போல, மேலே மடங்கியது.

அழுத்திப் பார்த்தேன். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது.

அப்போதும் எனக்குப் பேய் ஞாபகம் வரவில்லை. ஒயர் ஞாபகம்தான் வந்தது. எங்கேயோ ஸ்பீக்கர் ஒளித்து வைத்துக் கைதட்டலை ஓடவிடுகிறார்கள், ஒரு ஆளை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று தோன்றியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நாற்காலிக்கு அடியில் படுத்தேன். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒயர் இல்லை. இருக்கையின் நடுவில் வெல்வெட் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கைப்பிடிகளில் தூசி இல்லை. பூச்சி உருண்டை வாசனை மட்டும் அடித்தது, நெடுநாள் பெட்டிக்குள் இருந்த கோட்டைப் பிரித்தால் வருமே, அது.

"என்ன தேடறீங்க?" மேனேஜர் என் காலடியில் நின்றார்.

"முதல் கையைத் தேடறேன் சார். ஆள் கண்ணுலயே பட மாட்டேங்குறார்."

"வேலை நடக்குதா இல்லையா?"

"நடக்குது."

"அப்புறம் என்ன? உங்க கூண்டுல இருந்து மேடையைப் பாருங்க. கூட்டத்தைப் பார்க்க ஆள் இருக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த நாற்காலி இருந்த பக்கம் திரும்பாமலே வெளியே போனார்.

சில நாள் கழித்து ஒரு பெரிய கூட்டம் வந்து, இருக்கைகள் போதாமல் போயின. நான் கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பருமனான ஒரு பயணி அம்மா, பையும் கேமராவுமாக நடைபாதையில் வந்து, மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே துள்ளி எழுந்தார். திரும்பி, அந்த நாற்காலியைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து குனிந்து ஏதோ சொன்னார்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். காட்சி முடியும்வரை அந்த நாற்காலி விரிந்தே இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஸ்பீக்கரைத் தேடவில்லை.

பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று என்னை அரிக்கத் தொடங்கியது. கைதட்டு தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. முதலில் கொஞ்சம்தான், கவனிக்காவிட்டால் தெரியாது. நான் விளக்கை ஏற்றுகிற இடம் தாண்டி, மேளக்காரர் வழக்கமாக மூச்சு விடுகிற இடம் தாண்டி, தங்கை சுழன்றுகொண்டே இருப்பாள். மேளக்காரர் மேடை ஓரத்தில் ஒரு தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். கூட்டம் அவருக்குத் தெரியாது, காது ஒன்றுதான் கணக்கு. தட்டு கேட்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் கை இன்னும் கொஞ்சம் பொறுத்தே விழுந்தது.

அவள் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. நான் மருந்து போட்டுவிடும்போது அவள் முகம் சுளிக்கவில்லை.

"இந்த வேலை வேண்டாம்டி. நாளைக்கே கிளம்பலாம்."

"ஏன்? தட்டு கொஞ்சம் லேட்டா வருதுன்னா?"

"அங்க யார் உட்கார்ந்திருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்." காலை என் மடியிலிருந்து இழுத்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் யாருக்குண்ணா ஆடினேன்? தூங்கறவனுக்கும், போட்டோ எடுக்கறவனுக்கும். இங்க ஒருத்தர் பார்க்கிறார். நான் தோளை மாத்தினா அவருக்குத் தெரியுது. என் ஆட்டத்தைப் பார்த்து இன்னும் வேணும்னு நினைக்க ஒரு ஆள் இருக்கார். அதைப் போய் விடச் சொல்றியே."

அவள் சொன்னதில் பொய் இல்லை. நானே எத்தனை காட்சிகளில் அவளைப் பார்க்காமல் விளக்குப் பொத்தான்களையே பார்த்திருக்கிறேன்.

அரங்கத்தில் உடை தைப்பவரைத் தையல் அக்கா என்போம். ஊசியை வாயில் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுவதும் பேசுகிறவர். மறுநாள் காலை, கிழிந்த பாவாடை அடுக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் கேட்டேன்.

"அக்கா, மூணாவது வரிசையில யாரு?"

அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கதவைப் பார்த்தார். "நான் சேர்றதுக்கு முன்னாடியே செத்துப்போனவரு."

"விளையாடாதீங்க."

"நான் எதுக்குப்பா விளையாடணும்? ஆட்டம் உச்சத்துல இருக்கும்போது உட்கார்ந்த இடத்துலயே போயிட்டாராம். தட்ட வேண்டிய இடம் வந்துச்சு, தட்டலை. புது ஆளுக்கு எங்க போறதுன்னு எல்லாரும் தலையில கை வெச்சுட்டு இருந்தா, மறுநாள் ஆட்டத்துல சரியா தட்டு விழுந்துச்சு. மேனேஜருக்கு என்ன கசக்குதா? லீவு கேட்காத ஆளு."

"போன பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"அவ ஆட்டம் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு," என்றார். "ஒருநாள் தட்டவே இல்லை. லைட்காரன் பயந்துபோய் எல்லா விளக்கையும் அணைச்சான்." அதற்கு மேல் கேட்டபோது ஊசியை மறுபடி வாயில் கவ்விக்கொண்டார். அந்தப் பெண்ணின் வீடு இருக்கும் தெருவை மட்டும் சொன்னார்.

அப்போதே போனேன். நல்ல வெளிச்சமான வீடு. பெண் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தெளிவாகத்தான் இருந்தாள். நான் யாரென்று சொன்னதும் உட்காரச் சொன்னாள், அம்மாவிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. தண்ணீரை வாங்கக் குனிந்தபோதுதான் அவள் காலைப் பார்த்தேன்.

குதிகால் தரையில் ஊன்றியிருந்தது. பாதம் மெதுவாக, ஓயாமல், அந்தக் குதிகாலின் மேல் திரும்பிக்கொண்டிருந்தது. போகிற வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடி போனது. அந்த இடத்தில் சிமெண்டுத் தரை குழிந்து, மினுமினுவென்று இருந்தது.

"தூங்கும்போதும் இப்படித்தான் தம்பி," என்றார் அவள் அம்மா. "நாங்க எல்லாரும் தட்டிப் பார்த்தாச்சு."

"இப்பத் தட்டி என்னம்மா பண்றது?" என்றாள் அந்தப் பெண் சலிப்பாக. "ஆட்டம் நடக்கும்போது தட்டணும். எனக்கு நடுவுல லைட்டை அணைச்சுட்டாங்க. முடியவே இல்லை." நறுக்குவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "உங்க தங்கச்சிக்குத் தட்டுறாரா?"

"தட்டுறார். லேட்டாத்தான்."

"குடுத்து வெச்சவ," என்றாள். உண்மையான பொறாமையோடு சொன்னாள்.

எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியாது. அரங்கத்து வாசலில் பஸ்கள் வரிசையாக நின்றன. தங்கை மேக்கப் முடித்துப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் அழுதேவிட்டேன்.

அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "சரி. இன்னைக்கு ஒரு ஆட்டம். கூட்டம் வந்து உட்கார்ந்தாச்சு, இப்ப விட்டுட்டு ஓடினா நான் ஆட்டக்காரியே இல்லை. சாயங்காலம் கிளம்பிடலாம். சத்தியம்."

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அவள் பிறந்ததிலிருந்தே பிடிவாதக்காரி. விளக்கை அணைத்தால் அந்தப் பெண்ணின் கதிதான். எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஆட்டம் நடக்கும்போதே யாராவது முதலில் தட்ட வேண்டும். அது நானாக இருந்தால் என்ன? மேளக்காரருக்குக் கேட்டால் போதும்.

நாடகம் நடந்தது, ராஜா ஏமாந்தார். குழல் வாசித்தார்கள். சுழலாட்டம் தொடங்கியதும் விளக்குகளை ஓர் அளவில் நிறுத்தி வைத்துவிட்டு, கூண்டை விட்டு இறங்கினேன்.

படிக்கட்டில் சாக்கு வாடை மூக்கை அடைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் உள்ளங்கையெல்லாம் வேர்வை. மேடையில் அவள் பாவாடை விரிந்து வட்டமாகிவிட்டிருந்தது. தட்ட வேண்டிய இடம் வந்தது.

போனது.

மேளம் இன்னும் ஏறியது. பயணிகள் எல்லோருடைய கையிலும் கேமராவோ போனோ இருந்தது. சின்னச் சின்ன வெளிச்சச் சதுரங்களில் என் தங்கை சுழன்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவது வரிசைக்கு வந்தேன். ஓரத்து நாற்காலி விரிந்திருந்தது. பக்கத்தில் நடைபாதையில் மண்டியிட்டேன். பூச்சி உருண்டை வாசனை. கைப்பிடியின் வெல்வெட் ஒரு முழங்கை ஊன்றிய அளவுக்கு அமுங்கியிருந்தது.

யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சைப் பிடித்திருந்ததே எனக்குக் கேட்டது.

மேடையில் அவள் குதிகாலுக்கு அடியில் பலகை சிவந்திருந்தது. அவள் முகம் திரும்பித் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் சிரித்த முகமாகவே வந்தது.

நான் இரண்டு கைகளையும் தூக்கினேன்.

என் வலது கையை ஒரு கை பிடித்தது.

இறுக்கிப் பிடிக்கவில்லை. கச்சேரியில் பக்கத்து ஆள் தவறான இடத்தில் தட்டப் போனால் தடுப்போமே, அப்படி, மரியாதையாக. வறண்ட விரல்கள், காகிதம் போன்ற தோல்.

"இருங்க," என்றது காதோரம் ஒரு கிசுகிசுப்பு. "இன்னும் கொஞ்சம்."

கையை இழுத்தேன், வரவில்லை. தங்கையின் உடம்பு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. ஆனாலும் சுழற்சி நிற்கவில்லை. அப்போது எனக்கு வந்த கோபத்தில் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இடது கையை ஓங்கி, பிடித்திருந்த அந்த இடத்திலேயே அறைந்தேன்.

என் உள்ளங்கை மோதியது என் கையில் இல்லை. ஈரமில்லாத, குளிர்ந்த இன்னொரு உள்ளங்கையில்.

படீரென்று சத்தம் வந்தது. வறண்ட சத்தம்.

மேளம் முடிவுக்கு வந்தது. அரங்கம் முழுவதும் தட்டியது. தங்கை நின்றாள். தள்ளாடி, சமாளித்து, மூன்றாவது வரிசையைப் பார்த்துக் குனிந்தாள். பிடி விலகிவிட்டிருந்தது. நான் நடைபாதையில் கிடந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தேன். பயணிகள் என் தலைக்கு மேல் கையை நீட்டிப் போட்டோ எடுத்தார்கள்.

திரைக்குப் பின்னால் மேளக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "இன்னைக்கு ரொம்ப சோதிச்சுட்டாருப்பா. நல்லவேளை, தட்டினார்." அவர் காதில் விழுந்தது அந்த வறண்ட கையின் சத்தம்தான். நான் திருத்தவில்லை. தங்கையிடமும் சொல்லவில்லை. அவள் பெட்டியை மூடும்போது, "ஏன் அவசரப்பட்டார்னு தெரியலைண்ணா. இன்னும் பாக்கி இருந்துச்சு," என்றாள்.

சாயங்காலமே கிளம்பிவிட்டோம்.

இப்போது வேறு ஊர். நான் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறேன். தங்கை துணிக்கடை ஒன்றில் பில் போடுகிறாள். குதிகால் ஆறிவிட்டது. ஆரம்பத்தில் அவள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மேசைக்கு அடியில் குனிந்து காலைப் பார்ப்பேன். அவள் என் தலையில் கரண்டியால் தட்டுவாள். கால் அசையாமல்தான் இருந்தது. நாளடைவில் பார்ப்பதை விட்டுவிட்டேன். நிம்மதியாக இருந்தோம் என்றே சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடன் வேலை செய்யும் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் ஒருத்தி போனில் பாட்டுப் போட்டாள். இவள் பழைய ஆட்டக்காரி என்று எப்படியோ தெரிந்து வைத்திருந்தார்கள். ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்று பிடித்துக்கொண்டார்கள்.

"வேண்டாம்," என்றேன்.

"அது அங்கண்ணா," என்று தங்கை சிரித்தாள். "இது நம்ம வீடு. நாலு பேரு, நடுப்பகல். எதுக்கு இப்படிப் பயப்படற?"

சோபாவைத் தள்ளி இடம் செய்தார்கள். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு சுழன்றாள். அழகாகத்தான் இருந்தது. பெண்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கினார்கள். பாட்டு ஏறியது, முடிந்தது.

அவள் நிற்கவில்லை.

"போதும்டி," என்றேன். அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. வேகம் கூடியது. முகம் திரும்பித் திரும்பி வந்தது, சிரித்த முகமாக.

"கை தட்டுங்க! யாராவது தட்டுங்க!" என்று கத்தினேன்.

"அண்ணா, வீடியோல உங்க குரல் விழுது," என்றாள் ஒருத்தி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த அரங்கத்தை விட்டு வந்ததிலிருந்து நான் எங்கேயும் கை தட்டியதில்லை. அதற்கான சந்தர்ப்பமே வரவில்லை. இப்போது இரண்டு கைகளையும் விரித்து, பலம் கொண்ட மட்டும் அடித்தேன்.

உள்ளங்கைகள் மோதின. வலித்தது.

சத்தம் வரவில்லை. அன்று அந்த வறண்ட கையில் அறைந்ததோடு என் கையின் சத்தம் அங்கேயே தங்கிவிட்டது.

மறுபடி அடித்தேன்.